வெடிலியாவா, பிண்டோயா, பொடுதலையா? புல்தரைக்கு மாற்றாக எதைப் படரவிடலாம்

மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி, ஏரியை ஒட்டி அமைந்த எங்கள் தெருவில், வீட்டைச் சுற்றிச் சுமார் 400 சதுர அடி மண்தரை மிஞ்சியிருக்கிறது. வீடு கட்டிய புதிதில் அதில் பெரும்பகுதிக்குக் கொரியன் புல் பதித்திருந்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சேற்றுக்கு அடியில் அழுகிய பகுதியை மறுபடியும் பதித்தோம். 2019 கோடையில் எல்லாமே கருகிவிட்டது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போய், குடங்களோடு லாரிக்காகக் காத்திருந்த அந்த ஜூன் மாதத்தில், புல்லுக்குத் தண்ணீர் விடுவதைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது.

மூன்றாம் முறை பதிப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டேன். சென்னைக் கோடையில் புல்தரை பசுமையாக இருக்க நாளொன்றுக்கு 5 மி.மீ. அளவுக்காவது நீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு 5 லிட்டர் ஆகிறது. 400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர். நாளுக்கு 185 லிட்டர், மாதத்துக்கு ஏறத்தாழ 5,500 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கிட்டத்தட்டப் பாதி, யாரும் நடக்காத ஒரு புல்தரைக்குப் போகிறது. அன்றே புல்லைக் கைவிட்டேன். வெறும் மண்ணாகவும் விட முடியாது. கோடையில் புழுதி, மழையில் சேறு, இடையில் கோரை. ஆகவே ஆண்டு முழுவதும் பசுமை மாறாமல், அதிகம் கேட்காமல், தரையோடு படரும் கொடி எது என்ற தேடல் தொடங்கியது.

நாற்றுப்பண்ணையில் இந்தக் கேள்வியைக் கேட்டால், "கவனிப்பே வேண்டாம், தானே படரும்" என்ற பாராட்டோடு நான்கைந்து செடிகளைக் காட்டுவார்கள். அந்தப் பாராட்டில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருப்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. கவனிப்பில்லாமல் பிழைக்கக்கூடிய கொடி, நாம் நிறுத்த நினைக்கும் இடத்திலும் கவனிப்பில்லாமல் பிழைக்கும். எனவே எது நன்றாகப் படரும் என்பதைக் காட்டிலும், எதை எங்கே நிறுத்த முடியும் என்பதே இந்தத் தேர்வில் முதன்மையான கேள்வி என்று நான் கருதுகிறேன். அதற்கு அடுத்தபடியாக வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது, மேலே நடப்போமா, வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வந்தால் தாங்குமா என்பவை வரும். எங்கள் இடத்தில் முன்வாசலில் முழு வெயில். வேப்பமரத்தடியில் சல்லடை நிழல். வடக்கு மதிலுக்கும் வீட்டுக்கும் இடையிலான மூன்றடிச் சந்தில் வெயிலே கிடையாது. இந்த மூன்றுக்கும் ஒரே செடி என்ற ஆசையை முதலிலேயே விட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வெடிலியாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் தவறு அங்கேதான் தொடங்கியது. பளபளக்கும் பச்சை இலை, சூரியகாந்தியைச் சிறு பொத்தான் அளவுக்குச் சுருக்கியது போன்ற மஞ்சள் பூ. நெடுஞ்சாலை நடுத்திட்டுகளிலும் விடுதி வளாகங்களிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். முழு வெயிலிலும் அரை நிழலிலும் வளரும். உப்புக் காற்றைத் தாங்கும். நீர் தேங்கினாலும் சாகாது. சரிவில் மண் கரையாமல் பிடித்துக்கொள்ளும். நான்கு துண்டுகளை ஒடித்து நட்டால் ஒரே மழைக்காலத்தில் அறையளவு இடத்தை மூடிவிடும். நட்ட கையோடு பசுமை பார்க்க விரும்புபவருக்கு இதைவிட விரைவான செடி இல்லை.

2013-இல் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கைப்பிடித் தண்டு கொடுத்தார். இரண்டே ஆண்டுகளில் அது பக்கவாட்டுச் சந்தை நிரப்பி, செம்பருத்தியின் அடியைச் சுற்றி, மதிலின் வடிகால் துளை வழியே தெருவை எட்டிப் பார்த்தது. வெடிலியாவின் ஒவ்வொரு கணுவும் ஈர மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடும். கைவிரல் நீளத் துண்டு ஒன்றே புதிய செடியாகப் போதும். 2015 டிசம்பர் முதல் நாளன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டி, தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஓடியபோது, எங்கள் கொடியின் துண்டுகளும் அதோடு போயின. அடுத்த கோடைக்குள் தெரு முனை மழைநீர் வாய்க்காலின் இரு கரைகளும் மஞ்சள் பூவாக இருந்தன. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே அதற்கு முன் இருந்த நாயுருவியும் நெருஞ்சியும் குப்பைமேனியும் ஒன்றுகூட இல்லை. மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து தோட்டச் செடியாக உலகெங்கும் போன இந்தக் கொடி, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றிருப்பதை நான் பின்னால்தான் படித்தேன். உங்கள் இடம் நான்கு பக்கமும் சிமெண்டுத் தளத்தால் சூழப்பட்டிருந்தாலன்றி, அருகில் வாய்க்காலோ ஏரியோ வயலோ இருக்கும் எந்த வீட்டுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெடிலியாவைக் கண்டு "இது மஞ்சள் கரிசாலைதானே" என்று கீரைக்குப் பறிப்பவர்களை நான் நேரில் தடுத்திருக்கிறேன். இரண்டும் நெருங்கிய உறவுச் செடிகள், பூவும் ஒரே சாயல். மஞ்சள் கரிசாலையின் இலை குறுகி நீண்டிருக்கும், மடலாகப் பிரியாது. வெடிலியாவின் இலையில் இருபுறமும் காதுபோல் மடல் விரிந்து மூன்று பிரிவாகத் தெரியும். பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள்.

அடுத்தது பிண்டோய். நாற்றுப்பண்ணைகளில் பிண்டோய் கடலை என்றும் புல்கடலை என்றும் சொல்கிறார்கள். நிலக்கடலையின் உறவினம், காம்புக்கு நான்கு சிற்றிலை, விரல் நகமளவு மஞ்சள் பூ. பிரேசிலில் 1954-இல் முதன்முதலாகச் சேகரிக்கப்பட்டு, முதலில் மேய்ச்சல் பயிராகவும், பிறகு தென்னை, காப்பித் தோட்டங்களில் மண்ணை மூடிக் காக்கும் உயிர்மூடாக்காகவும் பரவியது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்த்துக்கொள்ளும். மரத்தடிக்கு இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு இருந்த முதல் காரணம் இதுதான்: மேலே உள்ள மரத்தோடு உரத்துக்குப் போட்டியிடாமல், தன் பங்குக்கு ஏதோ கொடுக்கும் தரைமூடி வேறு எதுவும் என் பட்டியலில் இல்லை.

2021 ஐப்பசியில் வேப்பமரத்தடியில் நட்டேன். முதல் நான்கு மாதம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேர்விட்ட துண்டுகள் அப்படியே உட்கார்ந்திருந்தன, இடைவெளியெல்லாம் களை. பொறுமை இல்லாதவருக்கு இது ஏற்ற செடி இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் மழைக்காலத்தில்தான் தண்டுகள் ஒன்றையொன்று தொட்டன. அதன் பிறகு களை எடுக்கும் வேலை ஏறக்குறைய நின்றுபோனது. மாலை மங்கும்போது சிற்றிலைகள் இரண்டிரண்டாகக் கூப்பிக்கொள்ளும். காலையில் பல் துலக்கிக்கொண்டே போய் நின்றால் அவை விரிந்து, நடுநடுவே மஞ்சள் பூக்கள் நிமிர்ந்து நிற்கும். வேப்பம்பூவும் சருகும் அதன்மேல் விழுந்தால் பெருக்க வேண்டியதில்லை, இலைகளுக்கு இடையே இறங்கி மட்கிவிடும்.

குறைகளும் உண்டு. பிண்டோய் மழையை விரும்பும் செடி. மூன்று மாத வறட்சியில் உயிர் போகாது, ஆனால் இலை உதிர்த்துவிடும். 2024 கோடையில் நாங்கள் ஊருக்குப் போய் ஏழு வாரம் கழித்துத் திரும்பியபோது, மரத்தடியில் பழுப்புக் கயிறுகள் மட்டும் கிடந்தன. மழை வந்ததும் தளிர்த்தது உண்மை. ஆனால் "பசுமை மாறாத" என்ற சொல்லை அதற்கு முழுமையாகக் கொடுக்க வேண்டுமானால் கோடையில் வாரம் இரண்டு முறையாவது நீர் தர வேண்டும். நிலக்கடலையைப் போலவே இதுவும் மண்ணுக்குள் காய் பிடிக்கும். அதைத் தேடிப் பெருச்சாளி ஒன்று இரண்டு இடங்களில் தோண்டிப் போட்டிருந்தது. அந்த விதைகள் மண்ணில் தங்குவதால், பின்னாளில் வேண்டாம் என்று பிடுங்கினாலும் சில ஆண்டுகளுக்கு முளைத்துக்கொண்டே இருக்கும். ஆயினும் எல்லை தாண்டும் வேகத்தில் வெடிலியாவோடு ஒப்பிடவே முடியாது. மாதத்துக்கு ஒரு முறை ஓரத்தைக் கத்தரித்தால் போதுமானது.

பொடுதலையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதை யாரும் விற்பதில்லை, ஆகவே யாரும் பரிந்துரைப்பதுமில்லை. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் தானாகக் கிடக்கும் கொடி. பொடுகுக்குக் காய்ச்சும் தைலத்துக்காகப் பெயர் தெரிந்தவர்கள்கூட, காலடியில் கிடப்பது அதுதான் என்று அறியாமல் மிதித்துக்கொண்டு போவார்கள். இலை சிறு கரண்டி வடிவம், அகன்ற நுனியில் மட்டும் ரம்பப் பற்கள். இலைக்கக்கத்திலிருந்து ஒரு நீண்ட காம்பு எழும்பி, அதன் தலையில் மிளகைவிடச் சற்றே பெரிய உருண்டை இருக்கும். அந்த உருண்டையின் அடியிலிருந்து மேல்நோக்கி வளையம் வளையமாக வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்கள் மலர்ந்துகொண்டே போகும். தீக்குச்சி மாதிரி என்று என் மகள் சொன்னாள்; அதைவிடச் சரியாக நான் சொல்ல முடியாது.

2015 வெள்ளம் வடிந்தபோது எங்கள் முன்வாசலில் நான்கு விரல் கனத்துக்கு வண்டல் படிந்திருந்தது. கொரியன் புல் அதற்குள் அழுகி நாறியது. இரண்டு வாரத்துக்குள் அந்த வண்டலைத் துளைத்துக்கொண்டு ஓர் ஓரத்தில் பச்சை தெரிந்தது. மதிலோரமாக எப்போதோ தானே வந்து, நாங்கள் களை என்று கிள்ளிக்கொண்டிருந்த பொடுதலை. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை, அதைக் கொத்திவிட்டுப் புல்லைத்தான் மறுபடி பதித்தேன். 2019-இல் புல் கருகியபின் அதே மதிலோரத்தில் அதே கொடி, இலை சிறுத்து, செம்பு நிறம் ஏறி, மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டு உயிரோடு இருந்தது. ஒரு சொட்டு நீர் நாங்கள் விடவில்லை. முதல் மழைக்குப் பத்து நாளில் பச்சை திரும்பியது. வெள்ளத்தையும் வறட்சியையும் நான்கு ஆண்டு இடைவெளியில் பார்த்து இரண்டிலும் தேறிய செடி, என் தோட்டத்தில் அது ஒன்றுதான். ஏரி உள்வாய்களில் சில மாதம் நீரிலும் சில மாதம் வெடித்த மண்ணிலும் வாழ்ந்து பழகிய கொடிக்கு இது புதிய பரீட்சையாக இருந்திருக்காது.

முழு வெயிலில் அது தரையோடு தரையாக மூன்று நான்கு விரல் உயரத்துக்குள் பாய்போல் படிகிறது. நடந்தால் தாங்கும், நடக்க நடக்க இன்னும் நெருக்கமாகப் படியும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பூக்காம்புகளைக் கத்தரித்தால் போதும். கொம்புத் தேனீக்களும் சிறு வண்ணத்துப்பூச்சிகளும் காலை முழுவதும் மொய்க்கின்றன. மயில் வசீகரன் என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சிக்கு இதன் இலை புழுப்பருவ உணவுகளில் ஒன்று. பூக்கும் பருவத்தில் செருப்பில்லாமல் நடப்பவர்கள் கவனமாகக் கால் வைக்க வேண்டும் என்பது இதன் மறுபக்கம். நிழல் இதற்குப் பிடிக்காது. வேப்பமரத்தடியில் நட்டுப் பார்த்ததில் தண்டு நீண்டு, இலை அருகி, தரை பாதி வெளியே தெரிந்தது.

நம் மண்ணின் செடி என்பதால் அது எங்கும் சாது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையில் இதன் நெருங்கிய உறவான தென் அமெரிக்கக் கொடி ஒன்று லிப்பியா என்ற பெயரில் பெரும் களையாகி, வெள்ளச் சமவெளிகளின் மேய்ச்சல் நிலங்களை விழுங்கியிருக்கிறது. இங்கே ஏரிக்கரையில் பொடுதலை மற்றச் செடிகளோடு கலந்து நிற்கிறது; அதன் உறவுக் கொடி அங்கே தனியாட்சி செய்கிறது. ஆகையால் அயல்நாட்டில் வாழும் உறவினர் யாராவது இதன் தண்டைக் கேட்டால், அந்நாட்டு விதிகளைப் பார்க்காமல் கொடுத்தனுப்பாதீர்கள்.

வெயிலே படாத வடக்குச் சந்துக்குப் பலரும் சொல்வது மணி பிளான்ட். வெளிச்சம் குறைந்தாலும் வெளுக்காது, பூச்சி அண்டாது, தரையில் விட்டால் உள்ளங்கையளவு இலையோடு படுத்துக் கிடக்கும். ஆனால் அது இயல்பில் ஏறும் கொடி. மரமோ சுவரோ கிடைத்துவிட்டால் மேலே போகப்போக இலை பெருத்து, முறத்தளவு ஆகிவிடும். பசிபிக் பெருங்கடலின் மோரேயாத் தீவிலிருந்து வந்த இந்த வீட்டுச் செடி, கண்டி நகரின் உடவத்த கெலே வனத்தில் மரங்களைப் போர்த்திக் காட்டுத் தரையையும் மூடியிருப்பதைப் பார்த்தவர்கள், அதைத் தொட்டிக்கு வெளியே விட யோசிப்பார்கள். இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரியும் என்பதால், தவழும் குழந்தையோ நாய்க்குட்டியோ உள்ள வீட்டில் தரைக்கு இது வேண்டாம். நான் தொட்டியோடு நிறுத்திவிட்டேன்.

அந்தச் சந்துக்குக் கடைசியில் வந்து சேர்ந்தது வல்லாரை. ஏசி பெட்டியின் நீர்க்குழாய் சொட்டுகிற இடத்தில் ஒரு பிடி வைத்தேன். அந்த ஈரம் எவ்வளவு தூரம் ஊறுகிறதோ அவ்வளவு தூரம் மட்டும் படர்ந்து, அங்கேயே நின்றுவிட்டது. எல்லையைத் தானே அறிந்த கொடி. ஈரம் இல்லாத இடத்துக்கு அது ஆகாது என்பதால் பொதுத் தேர்வாகச் சொல்ல முடியவில்லை. ஏசி நீர் பட்டதைத் துவையலுக்குப் பறிக்காமல், சமையலுக்கென்று தனியாக ஒரு தொட்டியில் வளர்க்கிறோம். ஊதா நிற இலைக்கொடி, பத்துமணிப் பூ போன்றவற்றையும் சிலர் சொல்வார்கள். முதலாவது பசுமையே இல்லை, இரண்டாவது ஐப்பசி மழையில் அழுகிவிடும்.

ஆக, நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடத்துக்கு, குறிப்பாக மழையில் நீர் தேங்கிக் கோடையில் வெடிக்கும் களிமண்ணுக்கு, என் தேர்வு தயக்கமில்லாமல் பொடுதலை. மரத்தடிக்கும் தென்னைப் பாத்திக்கும், கோடையில் சிறிதளவு நீர் கொடுக்க முடிந்தால், பிண்டோய். துணி துவைத்த நீரோ சமையலறையில் அரிசி கழுவிய நீரோ போகும் பாதை அந்த மரத்தடியாக இருந்தால் தயங்கவே வேண்டாம். சோப்பு அதிகம் கலக்காமல் பார்த்துக்கொண்டால் எங்கள் வீட்டில் அதற்கு எதுவும் ஆகவில்லை. வெடிலியாவுக்கு நான் இடம் தரவில்லை. குழந்தைகள் தினமும் பந்து விளையாடும் தரை வேண்டுமானால், இவை எல்லாவற்றையும் மறந்துவிட்டு, தண்ணீர்ச் செலவை ஏற்றுக்கொண்டு அருகம்புல்லுக்கே போவதுதான் நேர்மையான பதில்.

எதைத் தேர்ந்தாலும் கோரையை முதலில் தீர்த்தாக வேண்டும். கோரைக்கிழங்கு இருக்கும் மண்ணில் எந்தத் தரைமூடியும் வெல்வதில்லை. சித்திரையில் ஒரு சாண் ஆழம் கொத்திக் கிழங்குகளைப் பொறுக்கி, மண்ணை வெயிலில் காயவிட்டு, ஆடியில் நீர் விட்டு முளைக்கவைத்து மறுபடி பிடுங்குங்கள். நடவுக்குப் புரட்டாசி இறுதி ஏற்றது, வடகிழக்குப் பருவமழை பாதி வேலையைச் செய்துவிடும். பொடுதலையை ஏரிக்கரையிலிருந்து எடுப்பதானால், சாக்கடை கலக்காத இடமாகப் பார்த்து, மூன்று நான்கு கணு உள்ள தண்டுகளாக வெட்டி, இரண்டு கணுவை மண்ணுக்குள் புதைத்து, சாண் இடைவெளியில் நடவும். பிண்டோயை அதைவிட நெருக்கமாக, நான்கு விரற்கடைக்கு ஒன்றாக நட்டால் அந்த நான்கு மாதக் காத்திருப்பு சற்றுக் குறையும். இரண்டு வாரத்துக்கு மழையில்லாத நாளில் பூவாளியால் நனைத்தால் போதும். பாத்தியின் ஓரத்தில் செங்கல்லை நெட்டுக்குத்தாகப் பதித்து எல்லை கட்டுங்கள். அதைத் தாண்டும் தண்டை மாதமொரு முறை வெட்டி, வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ வீசாமல், மொட்டைமாடியில் சருகாகும்வரை காயவைத்த பிறகே மட்கக் குழியில் போட வேண்டும்.

வெடிலியாவை எங்கள் சந்திலிருந்து ஒழிக்க இரண்டு ஆண்டு பிடித்தது. போன கார்த்திகையில் ஒரு வாரம் அடைமழை பெய்து ஓய்ந்தபின், தெரு முனைச் சிறுபாலத்தின் சிமெண்டுப் பிளவில் மூன்று மடல் இலை இரண்டு எட்டிப் பார்ப்பதைக் கண்டேன். குடையை மடக்கிக் கம்பியால் கிளறி, வேரோடு எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.